வியாழக்கிழமை இரவு அழும் மகள்

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மார்க்கம் நகரில் வசிக்கிறோம். மகள் இந்த செப்டெம்பரில் முதலாம் வகுப்பில் பிரெஞ்சு இமெர்ஷனில் சேர்ந்தாள். காலை மணி அடித்ததிலிருந்து வகுப்பு முடியும் வரை எல்லாம் பிரெஞ்சில்தான். எனக்கும் கணவருக்கும் அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் ‘டிக்டே’ என்று ஆறு சொற்களை எழுத வைக்கிறார்கள். வியாழக்கிழமை இரவு ஒவ்வொரு சொல்லையும் பத்துத் தடவை எழுத வைக்கிறேன். அவள் அழுகிறாள், சில நாள் நானும் அழுகிறேன். வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டால் “ஒன்றுமில்லை” என்கிறாள். மூன்றாவது மாதம் ஆகியும் ஒரு பிரெஞ்சு வசனம் வாயிலிருந்து வரவில்லை. வகுப்பில் ஊமை மாதிரி இருக்கிறாளோ என்று பயமாக இருக்கிறது. அம்மம்மாவோடு தமிழில்தான் கதைப்பாள். மூன்று மொழி பிள்ளையைக் குழப்பும், தமிழைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள் என்று கணவரின் நண்பர் ஒருவர் சொல்கிறார். கணவர் ஆங்கில வகுப்புக்கே மாற்றிவிடலாம் என்கிறார். இன்னும் இரண்டு கிழமையில் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுபோய் வகுப்பில் காட்டிப் பேசும் முறை அவளுக்கு வருகிறது. பிரெஞ்சோடு சம்பந்தப்பட்ட எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. எதை அனுப்புவது?

— பெயர் வேண்டாம், மார்க்கம்

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டவற்றில் மிக அவசரமானது வியாழக்கிழமை இரவுதான். அதை இந்தக் கிழமையே நிறுத்திவிடலாம். பத்துத் தடவை எழுத வைப்பதை விட்டுவிடுங்கள்.

பதினெட்டு ஆண்டுகளாக முதலாம் வகுப்புக்குப் பிரெஞ்சில் கற்பிக்கிறேன். என் வகுப்பிலும் வெள்ளிக்கிழமை டிக்டே உண்டு. ஊரில் சொல்வதெழுதுதல் என்போமே, அதேதான். ஆனால் ஊரில் பிழை ஒன்றுக்கு அடி ஒன்று என்று கணக்கு இருந்தது. அந்தப் பயம் உங்கள் உள்ளங்கையிலும் என் உள்ளங்கையிலும் இன்னும் இருக்கிறது. நம்மை அறியாமலே அதைப் பிள்ளையின் கையில் வைத்துவிடுகிறோம். முதலாம் வகுப்பு ஆசிரியை அந்த ஆறு சொற்களில் என்ன தேடுகிறாள் என்று ஒரு தாள்கட்டைத் திறந்து காட்டுகிறேன்.

போன மாதம் எங்களுக்கு ‘ஊ’ ஒலிக் கிழமை. பிரெஞ்சில் அந்த ஒலியை ஓ, யூ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதவேண்டும். ஓநாய்க்கு ‘லூ’, எலிக்கு ‘சூரி’, சிவப்புக்கு ‘ரூஜ்’. ஒரு சிறுவன் ரூஜ் என்பதை ஆர், யூ, ஜே என்று மூன்றே எழுத்தில் எழுதியிருந்தான். சரியாக எழுதினால் ஐந்து எழுத்து வரும். வீட்டில் திருத்தினால் அவனுக்குப் பூச்சியம். எனக்கோ அந்தத் தாளைக் கண்டதும் மகிழ்ச்சி. சொல்லில் மூன்று ஒலிகள் இருப்பது அவன் காதில் விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் வரிசை தவறாமல் ஓர் எழுத்துக் கொடுத்திருக்கிறான். ‘ஊ’வுக்கு இரண்டு எழுத்து வேண்டும் என்பது மட்டும்தான் பாக்கி, அது வந்துவிடும். அவனுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை ஐந்து எழுத்தையும் பிழையின்றி எழுதியிருந்தாள். அதே சொல்லைத் தாளிலிருந்து வாசிக்கச் சொன்னேன்; முடியவில்லை. படத்தைப் பார்த்து வரைவதுபோல் மனப்பாடம் செய்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் படம் அழிந்துவிட்டது. இரண்டு பேரில் எனக்குக் கவலை தந்தவள் எல்லாம் சரியாக எழுதிய அந்தப் பிள்ளைதான்.

நீங்கள் வீட்டில் ஆங்கில எழுத்துப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி எழுத வைக்கும்போது இரண்டாவது பிள்ளையைத்தான் உருவாக்குகிறீர்கள். அதற்குப் பதிலாக வியாழக்கிழமை ஐந்து நிமிடம் இப்படிச் செய்து பாருங்கள். சொற்களை அவள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். ஆம், மாறித்தான். நீங்கள் காதில் விழுந்தபடி எழுதினால் கட்டாயம் பிழை விடுவீர்கள். “அம்மா, அது ஓ, யூ சேர்ந்து வரவேண்டும்” என்று அவள் உங்களைத் திருத்துவாள். சிவப்புப் பேனாவை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் ஆனதும் கொப்பி பைக்குள் போகட்டும். வெள்ளிக்கிழமை ஆறில் இரண்டு சரியாக வந்தாலும் அதைப் பற்றி வீட்டில் விசாரணை வேண்டாம்.

அடுத்தது, அந்த “ஒன்றுமில்லை”. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைச் சுருக்கிச் சொல்லத் தெரியாது. பிரெஞ்சில் நடந்ததைத் தமிழில் சுருக்குவது அதைவிடக் கடினம். ஆகவே அவளுக்குப் பதிலாக நான் சொல்கிறேன். பாடசாலைக்குப் பாடசாலை நாள்கள் முன்பின் மாறும். அச்சு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் கம்பளத்தில் வந்து உட்காருவார்கள். பெரிய தாளில் ‘காலைச் செய்தி’ எழுதியிருப்பேன்: நேற்று ஞாயிறு, இன்று திங்கள், நாளை செவ்வாய், குளிராக இருக்கிறது, இன்று நமக்கு உடற்பயிற்சி வகுப்பு உண்டு. செப்டெம்பர் முதல் ஜூன் வரை அதே சட்டகம்தான். நாளும் வானிலையும் மட்டும் மாறும். பெரியவர்களுக்குச் சலித்துப்போகும், பிள்ளைக்கு அது பிடிமானம். அடுத்து என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் தெரியாத மொழியில் உட்கார்ந்திருக்க முடியும். பிறகு அந்தக் கிழமையின் வேலைகளைப் பங்கிடுவோம்: வரிசையில் முதலாவதாக நிற்பவர், விளக்கை அணைப்பவர், கதவைப் பிடிப்பவர். விளக்கை அணைக்கும் பதவிக்கு இருக்கும் போட்டியை வைத்து ஒரு தேர்தலே நடத்தலாம்.

அன்றைக்கே புதிய ஒலியும் வரும், கூடவே ஒரு சைகை. ‘ஊ’வுக்கு ஓநாய்போல் முகத்தை மேலே தூக்கி ஊளையிடுவோம். இருபது பிள்ளைகள் சேர்ந்து ஊளையிடும் நேரத்தில் அதிபர் எட்டிப் பார்த்த நாளும் உண்டு. ‘பசை’ என்றால் பசையைத் தூக்கிக் காட்டுவேன், ‘வெட்டு’ என்றால் விரலால் வெட்டிக் காட்டுவேன். முதலாம் வகுப்பு இமெர்ஷன் ஆசிரியை பாதி நாள் நாடகக்காரி. வீட்டில் பிரெஞ்சு இல்லாத பிள்ளைகளுக்காகவே இப்படிச் செய்கிறோம். உங்கள் மகளுடைய வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டில் பிரெஞ்சு இருக்காது. கன்டனீஸ், மன்டரின், உருது, பாரசீகம், தமிழ், ஆங்கிலம் என்று எல்லோரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். பிரெஞ்சு தெரியாத தாய் என்பது இங்கே ஒரு குறை அல்ல, அதுதான் வழக்கம்.

செவ்வாய்க்கிழமை நான்கு நான்கு பேராக அரைவட்ட மேசைக்கு வந்து என்னோடு வாசிப்பார்கள். மற்றவர்கள் களிமண்ணில் எழுத்து உருட்டுவார்கள், காதில் கருவியை மாட்டிக் கதை கேட்பார்கள், கணிதக் கட்டைகளை அடுக்குவார்கள். கணிதமும் பிரெஞ்சில் என்பது பல பெற்றோரை மிரட்டுகிறது. ஒன்ராறியோப் பாடத்திட்டத்தில் முதலாம் வகுப்புக்கு எண்கள் 50 வரைதான். பிரெஞ்சு எண்களின் குறும்பு அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. ஆனால் பாடசாலை நாள்களை நாங்கள் நாளுக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டே வருவோம். டிசம்பர் நடுவில் எழுபதாவது நாள் வரும். பிரெஞ்சில் எழுபது என்பதற்குத் தனிச்சொல் இல்லை, ‘அறுபது பத்து’. எழுபத்தொன்று ‘அறுபது பதினொன்று’. எண்பது ‘நாலு இருபது’. “மதாம், ஏன் இவர்கள் ஒழுங்காக எண்ணமாட்டார்கள்?” என்று ஆண்டுக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். எண்பது முடிந்ததும் நூறு ஏன் அவசரப்பட்டுத் தொண்ணூறுக்குள் எட்டிப்பார்க்கிறது என்று நம்மை யாரும் கேட்காதது நம் அதிர்ஷ்டம்.

புதன்கிழமைக்கு நூலகமும் உடற்பயிற்சியும். அதைவிட, இனி மார்ச் வரை தினமும் நடக்கும் ஒரு பாடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அது எந்த நேர அட்டவணையிலும் இல்லை. பனி உடுப்புப் போடுவது! இடைவேளைக்கு வெளியே போகுமுன் இருபது பிள்ளைகள் ஒடுக்கமான நடைக்கூடத்தில் நின்று பனிக் காற்சட்டை, சப்பாத்து, குளிரங்கி, தொப்பி, கையுறை என்று இந்த வரிசையிலேயே போட்டாகவேண்டும். கையுறையை முதலில் போட்டவன் சப்பாத்தைக் கட்ட முடியாது. சப்பாத்தை முதலில் போட்டவனுக்குக் காற்சட்டை ஏறாது. இதற்கு ஒரு பாட்டு வைத்திருக்கிறோம்: பாந்தலோன், பொத், மாந்தோ, துயூக், மித்தேன். ஒருவருடைய குளிரங்கியின் ‘சிப்’ சிக்கும், இன்னொருவரின் இடது கையுறை காணாமல் போகும், மூன்றாமவர் எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகு கழிப்பறைக்குப் போகவேண்டும் என்பார். இத்தனையும் பிரெஞ்சில். “உதவி வேண்டும்”, “என்னுடையது எங்கே”, “இது உன்னுடையதா”, “பொறு” என்ற வசனங்கள் அங்கேதான் பிள்ளையின் வாயில் ஏறுகின்றன. கம்பளத்தில் வாயே திறக்காத பிள்ளை கையுறை தொலைந்ததும் பேசும். ஒரு ஆண்டு ஒரு சிறுமி ஜனவரி வரை என்னிடம் ஒரு முழு வசனமும் சொன்னதில்லை. ஒரு நாள் அவளுடைய தொப்பியை இன்னொரு பிள்ளை மாட்டிக்கொண்டு போக, நடைக்கூடம் அதிர அவள் கத்தியது முழுப் பிரெஞ்சு வசனம், இலக்கணம் உட்பட.

வியாழக்கிழமைக்கு எல்லோரும் களைத்துவிடுவார்கள், நான் உட்பட. ஆங்கிலம் எட்டிப்பார்க்கும் நாள் அதுதான். “மதாம், இல் எ புஷிங் முவா” என்று முறைப்பாடு வரும்: பாதி பிரெஞ்சு, நடுவில் ஆங்கிலத்தில் ஒரு தள்ளு. நான் கண்டிப்பதில்லை, சரியான வசனத்தை மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நியாயம் விசாரிப்பேன். அவனைத் தள்ளியது உண்மை, இலக்கணம் பிறகு.

வெள்ளிக்கிழமை டிக்டே பத்தே நிமிடம். மற்ற நேரமெல்லாம் பாட்டு, பொருள் காட்டிப் பேசுதல், வாசிப்புப் பையை மாற்றுதல். உங்கள் வீட்டில் ஒரு முழு மாலையைத் தின்னும் காரியம் எங்கள் கிழமையில் எவ்வளவு சிறியது என்று இப்போது தெரிகிறதா?

இதெல்லாம் தெரிந்தபின் அவளிடம் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். “இன்றைக்கு என்ன படித்தாய்” என்பது பெரிய கேள்வி. “இந்தக் கிழமை விளக்கை அணைப்பது யார்?”, “யாருடைய கையுறை தொலைந்தது?”, “ஊளையிட்டீர்களா?” என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், தமிழிலேயே சொல்லட்டும். ‘பிரெஞ்சில் ஒன்று சொல்லிக்காட்டு’ என்று மட்டும் விருந்தினர் முன்னால் நிறுத்தாதீர்கள். எங்கள் வீடுகளில் இது ஒரு பெரும் வியாதி.

அவள் பேசாததைப் பற்றி. இந்த வயதுப் பிள்ளைகள் புதிய மொழியில் பல மாதம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வாய் திறக்குமுன் காது நிரம்பவேண்டும். நவம்பரில் நான் ஆசிரியையாகப் பார்ப்பது அவள் பேசுகிறாளா என்பதையல்ல. “கத்தரிக்கோலை நீலப் பெட்டியில் வை” என்று சைகை இல்லாமல் சொன்னால் அவள் கை நீலப் பெட்டிக்குப் போகிறதா என்பதைத்தான். இந்த மாதம் முதல் முன்னேற்ற அறிக்கை வரும், பெற்றோர் சந்திப்பும் இருக்கும். அங்கே “பேசுகிறாளா” என்று கேட்டுவிட்டு வராதீர்கள். “சொன்னதை விளங்கிக்கொண்டு செய்கிறாளா? மற்றப் பிள்ளைகளைப் பார்த்துச் செய்கிறாளா, தானாகவே செய்கிறாளா? கழிப்பறைக்குப் போகக் கேட்கிறாளா?” என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி சிரிப்பதற்கல்ல. ‘எஸ்க ஜ பெ அலே ஓ துவாலெத்’ என்பதுதான் எங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளையும் முதலில் கற்கும் நீண்ட வசனம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அங்கே மனது நிம்மதியாக இல்லை என்று பொருள். அதை உடனே ஆசிரியையிடம் பேசித் தீர்க்கவேண்டும்.

இனித் தமிழ். உங்கள் கணவரின் நண்பர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனால் தவறான ஆலோசனை, மிகத் தவறான ஆலோசனை.

இந்த இமெர்ஷன் முறை பிறந்த கதையே இதற்குப் பதில் சொல்லும். 1965ல் மொன்றியல் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள செயின்ட் லாம்பெர்ட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர், எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கில் வாழ்ந்தும் பிரெஞ்சு பேச முடியாமல் வளர்கிறார்களே என்று பாடசாலைச் சபையை விடாமல் நச்சரித்து, பாலர் வகுப்பு ஒன்றை முழுக்கப் பிரெஞ்சில் தொடங்க வைத்தார்கள். மக்கில் பல்கலைக்கழகத்து உளவியலாளர் வாலஸ் லாம்பெர்ட்டும் அவருடைய சகா ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து சோதித்தார்கள். பிரெஞ்சு நன்றாக வந்தது. முதல் ஆண்டுகளில் ஆங்கில வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் பின்தங்கின; ஆங்கிலப் பாடம் தொடங்கியபின் சமமாகிவிட்டன. உங்கள் கணவரின் கவலைக்கும் இதுவே பதில். உங்கள் மகளைப்போல் முழுப் பிரெஞ்சில் தொடங்குபவர்களுக்கு ஆங்கிலப் பாடம் பெரும்பாலும் மூன்றாம் அல்லது நான்காம் வகுப்பில்தான் வரும். அதுவரை ஆங்கில வாசிப்பு சற்றுப் பின்தங்கினாலும் நிரந்தரமாக ஒன்றும் ஆகாது. மார்க்கத்தில் ஆங்கிலம் தானாகவே வீட்டுக்குள் வந்து உட்காரும். அதை யாரும் அழைக்கவேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கதையில் நம்மவர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. செயின்ட் லாம்பெர்ட் பிள்ளைகளின் வீட்டுமொழி ஆங்கிலம். கனடாவில் அதற்கு ஒருநாளும் ஆபத்தில்லை. பிரெஞ்சு அதன்மேல் கூடுதலாக வந்து சேர்ந்தது. புதிய மொழி வந்து வீட்டுமொழியைத் தள்ளிவிட்டால் அது வேறு கணக்கு. முன்னதைக் கூட்டல் என்றும் பின்னதைக் கழித்தல் என்றும் பிரித்துச் சொன்னவரும் அதே லாம்பெர்ட்தான். உங்கள் வீட்டில் கழிபடக்கூடியது எது? பிரெஞ்சுக்கு ஆசிரியை இருக்கிறாள், பாடத்திட்டம் இருக்கிறது, எட்டாம் வகுப்பு முடிவதற்குள் குறைந்தது 3,800 மணி நேரம் என்று ஒன்ராறியோ அரசின் கணக்கும் இருக்கிறது. சாதாரண வகுப்பில் பிரெஞ்சைப் பாடமாக மட்டும் படிக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது 600 மணி நேரம். ஆங்கிலத்துக்கு ஊரே இருக்கிறது. தமிழுக்கு இருப்பது உங்கள் சமையலறையும் அம்மம்மாவும், விரும்பினால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும்தான்.

அந்தத் தமிழ் பிரெஞ்சுக்கு இடைஞ்சலும் இல்லை. ஒரு மொழியில் ஊன்றிய அறிவு மற்ற மொழிக்கும் கைகொடுக்கும் என்று ரொறன்ரோப் பல்கலைக்கழக ஓய்வுநிலைப் பேராசிரியர் ஜிம் கமின்ஸ் 1970களின் இறுதியிலிருந்தே எழுதிவருகிறார். நான் அதை வகுப்பில் கண்ணால் பார்க்கிறேன். கதைக்கு ஒரு தொடக்கம், ஒரு சிக்கல், ஒரு முடிவு உண்டு என்பதை நரியும் காகமும் கதையில் அம்மம்மாவிடம் கற்ற பிள்ளைக்கு நான் பிரெஞ்சில் அதை மறுபடி கற்பிக்கத் தேவையில்லை. சொல்லைக் கொடுத்தால் போதும். ‘நான் போகிறேன், நீ போகிறாய், அவர்கள் போகிறார்கள்’ என்று ஆளுக்கேற்ப வினை முடிவது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதல்ல. ‘நீ’, ‘நீங்கள்’ போலப் பிரெஞ்சிலும் ‘தியூ’, ‘வூ’ உண்டு. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு இதை விளக்க எனக்கு ஒரு மாதம் பிடிக்கும். நம் பிள்ளைகளைத் திகைக்க வைப்பது பொருள்களுக்கும் ஆண்பால் பெண்பால் இருப்பதுதான். “மேசை எப்படி மதாம் பெண்?” என்று ஒரு தமிழ்ச் சிறுவன் கேட்டான். பிறகு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான்!

என் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1987ல் ஒன்பது வயதில் மொன்றியலுக்கு வந்து இறங்கினேன். குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்கே போகவேண்டும் என்ற 1977ஆம் ஆண்டுக் கியூபெக் சட்டத்தின்படி ‘வரவேற்பு வகுப்பு’ என்ற ஒன்றில் என்னை உட்கார்த்தினார்கள். அப்பாவுக்கு அந்த மொழி ஒரு சொல்லும் தெரியாது. உணவகத்தில் இரவு வேலை முடித்து வந்து, என் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு “வாசி, கேட்கிறேன்” என்பார். நான் வாசிப்பேன். அவர் செய்த வீட்டுப்பாட உதவி அவ்வளவுதான்.

வாசிப்புப் பை வரும்போது நீங்களும் அதைச் செய்யலாம். புத்தகத்தை நேராகவே பிடியுங்கள். அவள் வாசிக்கட்டும், தடுமாறினால் படத்தைப் பார்த்துத் தமிழில் பேசுங்கள். தனியார் வகுப்பு, கைப்பேசிச் செயலி, மொழிபெயர்ப்புக் கருவி எதுவும் ஆறு வயதில் வேண்டாம். நாள் முழுக்கப் பிரெஞ்சில் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு மாலையில் வேண்டியது சாப்பாடும் விளையாட்டும்.

வகுப்பு மாற்றுவதைப் பற்றி. இமெர்ஷன் எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயம் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது, நல்ல பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் போகின்றன என்ற பேச்சுக்காகச் சேர்க்கும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். மாற்றுவதில் வெட்கமும் இல்லை. ஆனால் நவம்பர் அதை முடிவு செய்யும் மாதமல்ல. வெளியே வந்தால் திரும்பிச் சேர்வது பெரும்பாலும் முடியாத காரியம் என்பதையும் மனதில் வையுங்கள். பிரெஞ்சில் மட்டும் தடுமாறினால் அது மொழி; காலம் கொடுத்தால் சரியாகும். அம்மம்மா தமிழில் “செருப்பை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வா” என்று இரண்டு வேலை சேர்த்துச் சொன்னாலும் அவளுக்குப் பிடிபடவில்லை, ஒரே ஒலியில் தொடங்கும் இரண்டு சொற்களைத் தமிழிலும் அடையாளம் காணமுடியவில்லை என்றால் முதலில் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள், பிறகு ஆசிரியையிடம் சொல்லுங்கள். அந்தச் சிக்கல் ஆங்கில வகுப்புக்கும் அவளோடு கூடவே வரும். வியாழன் மட்டுமல்லாமல் ஞாயிறு இரவும் வயிற்றுவலி, காலையில் வாந்தி என்று தொடர்ந்தால் ஜூன் வரை காத்திருக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதையும் நான் காணவில்லை. டிக்டே இரவை எடுத்துவிட்டால் அழுகையும் போய்விடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜனவரி முடியும் வரை பொறுத்துப் பாருங்கள்.

கடைசியாக, காட்டிப் பேசும் பொருள். பிரெஞ்சோடு சம்பந்தப்பட்ட ஒன்று எதற்கு? ஈபிள் கோபுரப் பொம்மையைப் பதினெட்டு ஆண்டுகளில் போதுமான தடவை பார்த்துவிட்டேன். தின்பண்டம் மட்டும் வேண்டாம், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். இடியப்ப உரலை அனுப்புங்கள். அம்மம்மாவிடம் மர உரல் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று வசனம் போதும்: ‘வுவாசி’ (இதோ) என்று தொடங்கி இது என்ன பொருள், இது யாருடையது, இதை வைத்து என்ன செய்வார்கள். அந்த மூன்றையும் சொல்லிக்கொடுக்கும்படி ஆசிரியைக்கு முதல் நாளே ஒரு துண்டு எழுதிவிடுங்கள். அது எங்கள் வேலை. வகுப்பில் விளையாட்டுக் களிமண் எப்படியும் இருக்கும். உங்கள் மகள் அதை உரலுக்குள் வைத்து ஒரு தடவை அழுத்திக் காட்டட்டும். அதற்குப் பிறகு அவள் பேசத் தேவையிருக்காது. மற்றப் பத்தொன்பது பேரும் அவளிடம் பேச வருவார்கள், தங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

உரல் வீட்டுக்கு வந்ததும் துளைகளை ஒரு ஊசியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு வெந்நீரில் கழுவுங்கள். நீலக் களிமண் இலேசில் போகாது.